மண் அழியாது என்றார்கள்!

2023-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள். உலகமெங்கும் தொழிலாளர்கள் கொடி பிடித்து ஊர்வலம் போன அதே நாளில், அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்து நெடுஞ்சாலை ஒன்றில் பட்டப்பகல் இருண்டது. எதிரே வருவது காரா லாரியா என்று தெரியவில்லை. எழுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஏழெட்டு உயிர்கள் போயின.

அது பாலைவனமா? இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் கொழித்து வளரும் கறுப்பு மண் சீமை. சாலையின் இரு மருங்கிலும் விதைப்புக்காக அப்போதுதான் உழுது போட்ட வயல்கள் கிடந்தன. மேலே புல் இல்லை, தாள் இல்லை. பலத்த காற்று அடித்தது. வயல் எழுந்து சாலைக்கு வந்துவிட்டது!

உழுத நிலம் ஏன் எழுந்து பறக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியே தன் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மனிதரை நம் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஹியூ ஹாமண்ட் பென்னட் என்பது அவர் பெயர். அவர் புரட்சிக்காரர் அல்ல; சர்க்கார் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர். ஆனால் தான் வேலை பார்த்த சர்க்காரே அச்சடித்து வெளியிட்ட ஒரு பொய்யை எதிர்த்து, ஓயாமல் ஒழியாமல் சண்டை போட்டவர். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தில் ஆன்சன் என்ற மாவட்டத்தில், பருத்தி விளைவித்த குடும்பத்தில் பென்னட் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பருத்தியே போட்டுப் போட்டுச் சலித்துப்போன மண் அது. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடும், ஓடை செந்நீராகும். சரிவான கொல்லையில் அவருடைய தந்தை குறுக்கே கரை போடுவார். பையன் கூட நின்று வேலை செய்வான். எதற்கு இந்தக் கரை என்று கேட்டபோது, நிலம் ஓடிவிடாமல் இருக்கத்தான் என்று தந்தை பதில் சொன்னாராம். பிற்காலத்தில் பல்கலைக் கழகம் கற்றுக் கொடுத்ததைவிட அந்த ஒரு பதில் அதிகம் கற்றுக் கொடுத்தது என்றே நாம் கருதுகிறோம்.

படிப்புக்குப் பணம் போதவில்லை. இடையில் இரண்டாண்டு மருந்துக் கடையில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, மறுபடியும் போய்ப் படித்து, 1903-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் விவசாய இலாகாவின் மண் ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, மண்ணைத் தோண்டிப் பார்த்து, எந்த ஊரில் எந்த மண் என்று படம் போடுவதுதான் வேலை.

1905-இல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தது. காரணம் கண்டுபிடித்து வா என்று உத்தரவு. பென்னட்டும் உடன் சென்ற மெக்லெண்டன் என்பவரும் ஓரிடத்தில் நின்றார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம். ஒரே சரிவு, ஒரே பாறையிலிருந்து பிறந்த மண். ஒரு பக்கம் கோடரி படாத காடு. கையை விட்டால் மண் பொலபொலவென்று ஈரத்தோடு வந்தது. மறுபக்கம் நெடுங்காலம் உழுத வயல். மண் களியாக இறுகிக் கல்லாய்க் கிடந்தது. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே மண்தானே! அப்படியானால் வயலின் மேல்மண் எங்கே போயிற்று?

பெரிய பள்ளம் விழுந்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பள்ளம் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஓர் ஏடு, அடுத்த மழைக்கு இன்னோர் ஏடு என்று, புத்தகத்தின் பக்கங்களைக் கிழிப்பதுபோல நிலம் முழுவதும் மேலே உரிந்து போயிருந்தது. உழவன் கண்ணுக்கே அது தெரிந்திருக்கவில்லை. விளைச்சல் குறைந்தது, எருப் போதவில்லை, ராசி சரியில்லை, விதை சரியில்லை என்று அவன் நொந்துகொண்டிருந்தான். மண்ணோ காலடியிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவருக்கு வயது 24.

இதைக் கேட்டு மேலிடம் துள்ளி எழுந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. 1909-இல் அதே மண் ஆய்வுப் பிரிவு ஓர் ஏடு வெளியிட்டது. நாட்டுக்கு இருக்கும் செல்வங்களில் மண் ஒன்றுதான் அழியாதது, மாறாதது, எவ்வளவு எடுத்தாலும் தீராதது என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்! பிரிவின் தலைவர் மில்ட்டன் விட்னி பெரிய விஞ்ஞானி. அவர் எழுதிவிட்டால் கீழே உள்ளவன் என்ன செய்வான்? பென்னட் வேலையை விடவில்லை, கருத்தையும் விடவில்லை. இத்தனை சிறிய வாக்கியத்துக்குள் இத்தனை பெரிய நஷ்டத்தை அடைக்க முடியும் என்று தான் நினைத்ததில்லை என்று பிற்காலத்தில் அவர் கேலி செய்தார்.

இந்தப் பொய் யாருக்கு வேண்டியிருந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மண் தீராது என்றால் நிலம் விற்கிறவனுக்குக் கொண்டாட்டம், கடன் கொடுக்கிறவனுக்குக் கொண்டாட்டம். அமெரிக்காவின் நடுவே, வடக்கே கனடா எல்லையிலிருந்து தெற்கே டெக்சாஸ் வரை, கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி கிடந்தது. ஆண்டுக்கு 20 அங்குலம் மழை வந்தால் அங்கே பெரிது; பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஓயாத காற்று. ஆனாலும் மண் பறக்கவில்லை. குட்டையான புல்தான், ஆனால் வேர் ஆழமாய்ப் பின்னிப் பாய் முடைந்ததுபோல மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோமாஞ்சி, கயோவா, செயன் முதலிய மக்கள் அங்கே காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்தார்கள். 1870-களில் காட்டெருமையைச் சுட்டுத் தீர்த்தார்கள். மக்களைத் துரத்தி வேலிக்குள் அடைத்தார்கள். அப்புறம் ரயில் கம்பெனியும் நிலத் தரகனும் வந்தான். உழுத இடத்துக்கு மழை தானாக வரும் என்று அச்சடித்து விற்றான்! நம்மூரில் சோசியன் சொல்வதை அங்கே கம்பெனி விளம்பரம் சொல்லிற்று.

நிலமற்ற ஏழை நம்பி வந்தான். 1862 சட்டம் 160 ஏக்கர் கொடுத்தது. 1909 சட்டம் வறண்ட பகுதிக்கு 320 ஏக்கர் ஆக்கியது. பிறகு முதல் உலக யுத்தம். ருஷ்யக் கோதுமை கருங்கடலைத் தாண்டி வர வழி அடைபட்டது. கோதுமை விலை ஏறியது. 1917-இல் அமெரிக்க அரசு புஷல் ஒன்றுக்கு 2 டாலர் உத்தரவாதமே கொடுத்தது. (புஷல் என்பது சுமார் 27 கிலோ.) உழு, உழு என்று நாடெங்கும் முழக்கம். யுத்தம் முடிந்தது, விலை சரிந்தது. டிராக்டருக்கு வாங்கிய கடன் சரியவில்லையே! விலை பாதியானால் இரண்டு மடங்கு விளைவித்தால்தான் வட்டி கட்டலாம். இரண்டு மடங்கு விளைவிக்க இரண்டு மடங்கு புல்லைக் கிழிக்க வேண்டும். 1925 முதல் 1930 வரை ஐந்தே ஆண்டில் தென் சமவெளியில் மட்டும் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் புதிதாகப் புல் உழப்பட்டது. ஊரில் குடியிருக்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து, உழுது விதைத்துவிட்டுப் பட்டணம் திரும்பிய முதலீட்டுக்காரர்களும் உண்டு. அவர்களைப் பெட்டி விவசாயிகள் என்றே ஊர் கேலி பேசியது. விலை விழுந்தபோது அவர்கள் விதைக்கவும் வரவில்லை, மண்ணை மூடவும் வரவில்லை. நிலம் அம்மணமாய்க் கிடந்தது.

கருவியும் சேர்ந்து கெடுத்தது. டிராக்டரின் பின்னால் வரிசையாகத் தகடுகள் கோத்த சட்டிக் கலப்பை வந்தது. வேகமாய் ஓடும், செலவு குறைவு. ஆனால் மண்ணைக் கட்டியாக விடாது, மாவாக்கிவிடும். கோதுமை அறுத்த தாளையும் பலர் கொளுத்தினார்கள். 1931-இல் அமோக விளைச்சல். விலை அரை டாலருக்கும் கீழே. அதே ஆண்டில் மழை நின்றது.

மண் எப்படிப் பறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மிக நுண்ணிய தூசியைக் காற்று நேரே தூக்கிவிடுவதில்லை. நடுத்தரமான மணல் பொடி முதலில் தத்தித் தத்திக் குதிக்கிறது. குதித்து விழும் ஒவ்வொரு பொடியும் கீழே உள்ள நுண்தூசியை அடித்துக் கிளப்புகிறது. கிளம்பிய தூசிதான் வானத்துக்குப் போகிறது. வயல் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குக் காற்றின் சுமை ஏறும். ஆகவே நான் என் வயலில் தாளை விட்டுக் காப்பாற்றினேன் என்று ஓர் உழவன் நிம்மதியாக இருக்க முடியாது. காற்று வரும் பக்கத்தில் பெட்டி விவசாயியின் வயல் வெறுமையாய்க் கிடந்தால், அங்கே கிளம்பிய மணல் இவன் பயிரையும் அறுத்துச் சாய்த்து, இவன் மண்ணையும் கிளப்பிக்கொண்டு போகும். சொத்துப் பத்திரத்தில் எல்லை உண்டு. காற்றுக்கு எல்லை ஏது?

பென்னட் இதற்குள் சும்மா இருக்கவில்லை. கியூபா, கோஸ்டா ரிக்கா, அலாஸ்கா என்று மண் பார்க்கப் போனார். போன இடமெல்லாம் அதே கதையைக் கண்டார். 1928-இல் சாப்லைன் என்ற அதிகாரியோடு சேர்ந்து, மண் அரிப்பு நாட்டுக்கே வந்த ஆபத்து என்று சர்க்கார் வெளியீடு ஒன்றை எழுதினார். நியாயமாகச் சொன்னால், அந்த நாளில் அவர் பெரும்பாலும் கவலைப்பட்டது தண்ணீர் அரிக்கும் மண்ணைப் பற்றித்தான். காற்று பிறகு வந்தது. ஆனால் நோய் ஒன்றுதான், மூடாத மண். டெக்சாஸ் உறுப்பினர் பக்கானன் என்பார் பாராளுமன்றத்தில் (அங்கே அதன் பெயர் காங்கிரஸ், நம்மூர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 1,60,000 டாலர் ஒதுக்கச் செய்தார். ஓக்லஹோமாவில் கத்ரி, கான்சாசில் ஹேஸ், மிசௌரியில் பெத்தனி என்று ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. புல் உள்ள துண்டு, உழுத துண்டு, வெறுந்துண்டு என்று பக்கம் பக்கமாக வைத்து, கீழே தொட்டி கட்டி, ஓடிவரும் மண்ணை நிறுத்துப் பார்த்தார்கள். வெறும் பேச்சு நிறுவைக்கு வந்தது.

1933 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் அரசு 50 லட்சம் டாலர் கொடுத்து மண் அரிப்புத் தடுப்பு இலாகா என்று தற்காலிகமாக ஒன்று அமைத்து, பென்னட்டைத் தலைவராக்கியது. வேலையற்ற இளைஞர்களின் முகாம்களும் துணைக்கு வந்தன. விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் ஓடைப் பள்ளத்தாக்கில் முதல் வேலை. சரிவுக்குக் குறுக்கே உழுவது, ஒரு பட்டை தானியம் ஒரு பட்டை புல் என்று மாற்றி விதைப்பது, செங்குத்தான இடத்தை மாடு ஏறாமல் காட்டுக்கே விடுவது. தன் தந்தை கொல்லையில் செய்ததை ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் செய்தார் பென்னட்.

அதற்குள் வானம் பேச ஆரம்பித்துவிட்டது. 1934 மே திங்கள் 9-ஆம் நாள் மொண்டானா, டக்கோட்டா பக்கம் கிளம்பிய தூசி, இரண்டு நாளில் சிக்காகோவைத் தாண்டி நியூயார்க்கில் விழுந்தது. அட்லாண்டிக் கடலில் நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போன கப்பல்களின் தளத்தில் விழுந்தது. கிளம்பிய மண் 35 கோடி டன் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மேற்கத்தி உழவனின் வயல், கிழக்கத்தி வங்கிக்காரனின் மேசைமேல் படிந்தது. ஈடு காட்டி வாங்கிய கடனுக்கு ஈடே நேரில் போய் நின்றதுபோல!

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. கருப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்கிறார்கள். கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கம் காலை தெளிவாக விடிந்தது. பிற்பகலில் வடக்கே கறுப்பு மலை ஒன்று உருண்டு வந்தது. தன் கையைத் தான் பார்க்க முடியவில்லை. சன்னலில் ஈரத் துணி தொங்கவிட்டார்கள். குழந்தைகள் முகத்தில் துணி கட்டினார்கள். தூசி நுரையீரலில் இறங்கிக் காய்ச்சலாகிப் பலர் மாண்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அவசர மருத்துவமனைகள் திறந்திருந்தது. உலகம் முடிந்தது என்று மண்டியிட்டவர் பலர். பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கம் செய்தவர்களும் உண்டு. பாவம் செய்தவன் யார்? மண்டியிட்டவனா, மழை தானாக வரும் என்று விளம்பரம் போட்டு விற்றவனா?

அந்த வசந்தத்தில்தான் செனட் சபையின் குழு ஒன்றின் முன் பென்னட் சாட்சி சொன்னார். ஆள் நல்ல வாட்டசாட்டம். பெரிய ஹியூ என்றே கூப்பிடுவார்கள். தற்காலிக இலாகாவை நிரந்தரமாக்கச் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. மேற்கே கிளம்பிய தூசி எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்ற செய்தி அவருக்கு வந்துகொண்டிருந்ததாம். ஆகவே அவர் அவசரப்படவில்லை. புள்ளி விவரத்துக்குமேல் புள்ளி விவரமாக அடுக்கினார். 5 கோடி ஏக்கர் பயிருக்கு உதவாமல் பாழ், இன்னும் 5 கோடி அந்த நிலையை நெருங்குகிறது என்றார். உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். அப்போது அறை இருண்டது. எழுந்து சன்னலண்டை போய்ப் பார்த்தால், தலைநகரத்துச் சூரியன் செப்புக் காசாக மங்கிக் கிடந்தது!

கதையில் எழுதியவர்கள் கொஞ்சம் மெருகு பூசியிருக்கலாம். நாள் கணக்கில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அந்த ஆண்டு வசந்தத்தில் வாஷிங்டனில் தூசி விழுந்தது உண்மை. ஓர் எதிர் வாக்கும் இல்லாமல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, ஏப்ரல் 27-ஆம் நாள் அமலுக்கு வந்ததும் உண்மை. மண் வீணாவது நாட்டு நலனுக்கே கேடு என்று சட்டத்தின் முதல் வாசகத்திலேயே சர்க்கார் ஒப்புக்கொண்டது. மண் அழியாது என்று அதே சர்க்கார் அச்சிட்டு 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. எத்தனை ஆயிரம் குடும்பங்கள் அந்த 26 ஆண்டில் நிலத்தை இழந்தன! உழவன் வீட்டில் தூசி விழுந்தபோது வராத சட்டம், செனட்டர் கோட்டில் தூசி விழுந்தபோது வந்தது.

வறட்சி மட்டுமே காரணம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வறட்சி இயற்கைதான். பசிபிக், அட்லாண்டிக் கடல்களின் சூடு மாறியதால் அந்த மழை தவறியது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கலப்பை வருமுன்னரும் அந்தச் சமவெளியில் தூசி எழுந்ததுண்டு. ஆனால் அந்த அளவில் மண் போனதற்குப் புல்லைக் கிழித்ததே காரணம் என்று 1936-இல், பென்னட்டும் இடம்பெற்ற அரசுக் குழு எழுதியது. இன்னொன்று: கிளம்பிய தூசியே வெயிலை மறைத்து, மழையை மேலும் குறைத்து வறட்சியை வளர்த்தது என்று 2009-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். உழுதால் மழை வரும் என்று விற்றார்கள். உழுததால் வந்த மழையும் போயிற்று!

1937-இல் மாநிலம்தோறும் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் அமைக்கச் சட்டம் செய்யும்படி ரூஸ்வெல்ட் எழுதினார். உழவர்களே கூடித் தேர்ந்தெடுக்கும் சபை; பக்கத்து வயல்காரனையும் கட்டுப்படுத்த அதற்கு அதிகாரம். முதலில் எழுந்தது பிரௌன் ஓடை மாவட்டம், பென்னட் பிறந்த ஆன்சனில்! ஆனால் அந்தக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கையாண்ட மாவட்டங்கள் மிகச் சில. பக்கத்து வயல் பெரும்பாலும் பெரிய மனிதன் வயலாயிற்றே.

இங்கேதான் பென்னட்டின் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய இலாகா ஒப்பந்தம் போட்டது நிலம் கையில் உள்ளவனோடு. ஓராண்டுக் குத்தகைக்கு உழுபவன் எந்த நம்பிக்கையில் கரை போடுவான்? அடுத்த ஆண்டு வேறொருவன் அல்லவா அறுப்பான்! கலிபோர்னியாவுக்குப் பழைய காரில் சட்டி பானையோடு போனவர்கள் எல்லோரும் தூசியால் போனவர்கள் என்று நினைப்பது தவறு. பலர் தூசி படாத பருத்திப் பகுதிக் குத்தகையாளர்கள். பரப்பைக் குறைக்க அரசு கொடுத்த பணத்தை நில உடைமைக்காரன் வாங்கி, அதில் டிராக்டர் வாங்கி, குத்தகையாளனைத் தெருவில் விட்டான். அதை எதிர்த்து 1934-இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சங்கம் வைத்தார்கள், அடிபட்டார்கள். 1936-இல் கலிபோர்னியா எல்லையில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் போய் நின்று, கையில் காசில்லாதவனைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டிலேயே எல்லைக் காவல்! மண்ணின் புண்ணைக் கண்ட பென்னட்டின் இலாகாவிடம் இந்தப் புண்ணுக்கு மருந்து இல்லை.

அவருடைய முறைகள் பலித்தன என்பதில் ஐயமில்லை. 1930-களின் இறுதியில், முழு மழை திரும்புமுன்னரே பல இடங்களில் தூசி குறைந்தது. காட்டு இலாகா 1935 முதல் 1942 வரை டக்கோட்டா முதல் டெக்சாஸ் வரை சுமார் 22 கோடி மரம் நட்டுக் காற்றுக்கு அணை போட்டது. பிறகு இரண்டாம் உலக யுத்தம். கோதுமை விலை மறுபடி ஏறியது. பணக்காரப் பெட்டிகள் மறுபடி ரயிலேறின. புல் மறுபடி உழப்பட்டது. 1951-இல் பென்னட் இலாகாத் தலைமையிலிருந்து விலகினார். 1950-களின் வறட்சியில் அதே கான்சாஸ், அதே கொலராடோ, அதே டெக்சாஸ் மறுபடி இருண்டது. உழுத நிலத்தைப் புல்லுக்கே திருப்பும் உழவனுக்குச் சர்க்கார் பணம் தர 1956-இல் தனிச் சட்டம் வந்தது.

1960 ஜூலை 7-ஆம் நாள், 79-ஆம் வயதில் பென்னட் இறந்தார். போர்வீரர்களைப் புதைக்கும் ஆர்லிங்டன் இடுகாட்டில் அவரையும் புதைத்தார்கள். அதன்பின் வட்டமாய்ச் சுழன்று நீர் இறைக்கும் பெரிய குழாய்கள் சமவெளிக்கு வந்தன. குழாய் சுற்றும் வழியில் 1930-களில் நட்ட மரவரிசைகள் குறுக்கே நின்றன. பல இடங்களில் அவற்றை வேரோடு பிடுங்கிவிட்டு உழுதார்கள்.